பன்னெண்டு கேட்டு வாங்கிய வீடு

எனக்கு எண்பத்து மூணு வயது. அஞ்சு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றவை, ஒன்று என் நாத்தனார் பெற்று என் மடியில் விட்டுப் போனது. அஞ்சும் இன்றைக்குத் தன் காலில் நிற்கின்றன. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன், ஒரு பக்கம் முடிக்க ஒரு பொழுது போய்விடும். எழுத்து எனக்குக் கொஞ்சம் தூரம். எண்ணிக்கை அப்படி இல்லை. எண்ணுவதில் என்னை ஏய்த்த ஆள் பிறந்த நத்தத்திலும் கிடையாது, வாழ வந்த ஊரிலும் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் பொய்யாகிவிடும். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

வாழ வந்த ஊர் திண்டுக்கல்லில் இருந்து ஆத்தூர் போகும் சாலையில் நாலு மைல். தை மாதம் கல்யாணம். பதினேழு வயது எனக்கு. புதுப் பைசா கைக்கு வந்து, அதையும் பழைய அணாவையும் மாற்றத் தெரியாமல் சந்தையில் ஆளாளுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊருக்குக் கரண்டு வரவில்லை. வயலுக்குத் தண்ணீர் என்றால் கமலைதான். மாடு பின்னால் போய் முன்னால் வரும், தோல் சால் கிணற்றில் இறங்கி ஏறும்.

அந்த வருசம் மழை ஏய்த்துவிட்டது. எங்கள் கிணறு ஏழு வீட்டுக்குப் பங்கு. நல்ல காலத்தில் ஆளுக்கு ஒரு நாள் முறை, ஏழு நாளைக்கு ஒரு சுற்று. மாசி பங்குனியில் கிணறு தரை தட்டியது. ஒரு நாள் ஊறுகிற தண்ணீர் ஒரு பங்குக்குத்தான் காணும். அந்த நேரம் பார்த்து ஒரு வீட்டில் சாவு விழுந்தது. முறை தவறியவர்கள் மறுநாள் வந்து எங்கள் நாளைக் கொடு என்றார்கள், மறுநாளைக்காரர் முடியாது என்றார். பேச்சு முற்றி ஒருவர் மண்வெட்டியை ஓங்கிவிட்டார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யார் முறையையும் யாரும் நம்பவில்லை.

கிணற்று மேட்டில் வேப்ப மரத்தடியில் ஒரு பிள்ளையார் உண்டு. ஊர் கூடி அவர் தலையில் பொறுப்பைப் போட்டது. தினமும் விடிந்ததும் பூசாரி பிள்ளையார் முன்னால் தாயக்கட்டையை உருட்டுவார். எந்த எண் விழுகிறதோ அந்த எண்ணுக்கு உரிய வீட்டுக்கு அன்றைக்குத் தண்ணீர். சாமி பார்த்துக் கொடுப்பதை மனுசன் கேள்வி கேட்கக் கூடாது. கற்பூரம் அடித்து ஏழு பேரும் சத்தியம் செய்தார்கள்.

தாயக்கட்டை தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். விரல் நீளத்தில் பித்தளையில் ரெண்டு கட்டை. ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம். ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி, ஒரு பக்கத்தில் ரெண்டு, ஒரு பக்கத்தில் மூணு. நாலாவது பக்கம் மொட்டை. ரெண்டையும் உருட்டி, விழுந்த புள்ளிகளைக் கூட்ட வேண்டும். மொட்டையும் ஒண்ணும் விழுந்தால் தாயம், அதாவது ஒண்ணு. அப்புறம் ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. ரெண்டும் மொட்டையாக விழுந்தால் பூஜ்யம் என்று சொல்ல மாட்டார்கள், பன்னெண்டு என்பார்கள். ஆட்டத்தில் அதுதான் பெரிய விழுப்பு. பன்னெண்டு விழுந்தவர் காயைப் பன்னெண்டு கட்டம் தள்ளிவிட்டு மறுபடியும் உருட்டலாம்.

ஆக ஒண்ணு முதல் ஆறு வரை ஆறு எண், பன்னெண்டோடு சேர்த்து ஏழு. கிணற்றுக்கும் ஏழு பங்கு. பிள்ளையாரே எண்ணிப் பார்த்துக் கொடுத்த மாதிரி இருக்கிறதே என்று எல்லோருக்கும் ஒரே பூரிப்பு.

எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் முதல் மரியாதை எங்கள் வீட்டுக்கு. கோயில் திருநீறு முதலில் என் மாமனார் கைக்குத்தான் வரும். மாமா யோசிக்கவே இல்லை. பன்னெண்டு என்றார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு, அவருக்கென்ன, ராசா விழுப்பை எடுத்துக்கொண்டார் என்று. அடுத்த வீட்டுக்காரர் ஆறை எடுத்தார், அதற்கடுத்தவர் அஞ்சை, அதற்கடுத்தவர் தாயத்தை. இவையெல்லாம் ஆட்டத்தில் மறு உருட்டல் தருகிறவை. மிச்சம் ரெண்டு, மூணு, நாலு. திண்டுக்கல் டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் நாலை எடுத்தார். அவரை ஜவுளிக்காரர் என்றே ஊரில் கூப்பிடுவார்கள். ஒருவர் ரெண்டை எடுத்தார். மூணு யாருக்கும் வேண்டாம். மூணு பேராக ஒரு காரியத்துக்குப் புறப்படாத ஊர் அது, வீட்டுப் பெண்களுக்கு மூணு முறுக்கு வைத்துக் கொடுக்க மாட்டார்கள். அந்த மூணு கடைசியில் நின்ற ஒரு தாலியறுத்தவளுக்குப் போனது. முக்கால் குறுக்கம் நிலமும் ரெண்டு சின்னப் பெண்பிள்ளைகளும் அவளுக்கு. கொடுத்ததை வாங்கிக்கொண்டாள், வாயைத் திறக்கவில்லை.

சித்திரை முதல் நாள் உருட்ட ஆரம்பித்தார்கள். சித்திரை முழுக்கப் பன்னெண்டு ஒரே ஒரு தடவைதான் விழுந்தது.

எங்கள் வயலில் கத்திரி நட்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். மாடு குடிக்கிற குட்டையில் இருந்து தோளில் காவடி போட்டுத் தண்ணீர் சுமந்து, செடிக்கு ஒரு சிரட்டை ஊற்றிக்கொண்டிருந்தார். தோள்பட்டை காய்த்துப்போனது. செடி மதியத்தில் தலையைத் தொங்கப் போட்டுவிடும், காலையில் பாதி எழுந்திருக்கும், பாதி எழுந்திருக்காது.

வீட்டில் என் மாமியார் வேறொரு கணக்குப் போட்டார். தையில் மருமகள் வந்தாள். மாசியில் கிணறு வற்றியது. சித்திரையில் பன்னெண்டு மறைந்துவிட்டது. என்னிடம் நேராகச் சொல்ல மாட்டார். மாட்டிடம் சொல்வார், அடுப்பிடம் சொல்வார். நத்தத்துக்காரி கால் வைத்ததில் இருந்து பன்னெண்டு எந்திரிக்க மாட்டேன் என்கிறது, அதுவும் என்ன செய்யும் பாவம், காலைக் கண்டு பயந்திருக்கும் என்று பசுவின் முதுகைத் தடவிக்கொண்டே சொல்வார். தண்ணீர் விழாத நாளில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் என் தட்டுக்கு வராது.

வைகாசி பிறக்கும்போது அது சுருக்கமாக ஒரு முடிவுக்கு வந்தது. புதுப்பெண்ணை ஆடியில் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். ஆவணியில் மாப்பிள்ளை வீட்டார் போய்க் கூட்டி வர வேண்டும். மாமியார் என் வீட்டுக்காரரிடம் சொன்னார், நான் அரிசி புடைத்துக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஆடிக்குப் போறவ அங்கயே இருக்கட்டும். ஆவணியில கூட்டியார ஆள் அனுப்புற வேலை வேணாம்."

அவர் காவடியை எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போனார். அம்மாவை எதிர்த்துச் சொல்கிற பிள்ளை இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. நத்தத்தில் எங்கப்பா புளியந்தோப்புக் குத்தகைக்காரர். மதியம் புளி உடைத்து முடித்ததும் தாயம் விளையாடுவோம். அந்த விளையாட்டில் என்னை ஜெயித்த பெண் அந்தத் தெருவில் இல்லை. தாயக்கட்டை என் காலுக்குப் பயந்து விழுகிறது என்றால் எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்கும்?

அன்றிலிருந்து எண்ணினேன். விறகுக் கட்டுக்குப் பின்னால் ஏழு கொட்டாங்குச்சியை வரிசையாக வைத்தேன். ஓரத்தில் பன்னெண்டு, அப்புறம் தாயம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. தினமும் காலையில் எந்த எண் விழுந்ததோ அந்தச் சிரட்டையில் ஒரு புளியங்கொட்டை. ஆனி பாதி வரைக்கும் நாற்பத்தஞ்சு நாள் போட்டேன். ஆடிக்குப் பதினஞ்சு நாள் இருந்தபோது கொட்டி எண்ணினேன். பன்னெண்டில் ரெண்டு. தாயத்தில் அஞ்சு. ரெண்டில் எட்டு. மூணில் பன்னெண்டு. நாலில் ஒம்போது. அஞ்சில் ஆறு. ஆறில் மூணு.

ஆறாம் எண் வீட்டுக்கும் எங்கள் கதிதான். அந்த வீட்டுக்கு மருமகளே வரவில்லை. பிறகு அங்கே யார் கால்?

கொட்டைகளை அதே வரிசையில் மண்ணில் குவித்தேன். நடுவில் உயர்ந்து ரெண்டு ஓரமும் சரிந்து, களத்தில் தூற்றிய தானியம் தானாகக் குவிந்து நிற்கிற மாதிரி இருந்தது. சாமி ஓரவஞ்சனை செய்தால் இப்படி ஒழுங்காகச் செய்யுமா என்று தோன்றியது. யாரோ அளந்து குவித்த மாதிரி இருந்தது.

என் டிரங்குப் பெட்டியில் பிறந்த வீட்டுத் தாயக்கட்டை இருந்தது. ஒரு கட்டையை மட்டும் எடுத்து உருட்டிப் பார்த்தேன். மொட்டை, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நாலு முகமும் ஏறக்குறைய சமமாக விழுந்தன. இன்னொரு கட்டையையும் உருட்டினேன். அதுவும் அப்படியே. ஒத்தைக் கட்டை யாருக்கும் வஞ்சனை செய்யவில்லை. ரெண்டையும் உருட்டிக் கூட்டும்போதுதான் வஞ்சனை வருகிறது. நல்லவர்கள் ரெண்டு பேர் சேர்ந்தால் அது எப்படி வரும்? அந்தக் கேள்வி ரெண்டு நாள் என் தொண்டையில் நின்றது.

பதில் வடகம் பிழியும்போது வந்தது. பழைய வேட்டியை முற்றத்தில் விரித்து, சோற்று வடகத்தை வரிசை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். படுக்கையில் நாலு வரிசை, நெடுக்கில் நாலு வரிசை வைத்ததும் கை நின்றுவிட்டது. படுக்கை வரிசை ஒரு கட்டை, நெடுக்கு வரிசை இன்னொரு கட்டை. மொட்டை, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஓரத்தில் இருந்து மனதுக்குள் பெயர் வைத்தேன். ஒவ்வொரு வடகமும் ஒரு விழுப்பு. மொத்தம் பதினாறு. பன்னெண்டு எங்கே இருக்கிறது? மொட்டையும் மொட்டையும் சேர்கிற ஒரே ஒரு மூலையில். ஆறு எதிர் மூலையில் ஒண்ணே ஒண்ணு. மூணு? குறுக்கே ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்குப் போகிற சாய்வு வரிசை முழுக்க மூணு. நாலு வடகம்.

மாமியார் பின்னால் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை.

"என்னடி, வடகத்தை எண்ணி எண்ணி வக்கிற? நாங்க என்ன, அள்ளிக்கிட்டா ஓடிருவோம்?"

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். போகப் போகிறவளுக்கு என்ன பயம்? உட்காருங்கள் அத்தை என்று சொல்லி, ஒவ்வொரு வடகமாகத் தொட்டுக் காட்டினேன். பதினாறு விழுப்பில் நமக்கு ஒண்ணு, மூணாம் எண்காரிக்கு நாலு என்றேன். அவர் படிக்காதவர், ஆனால் திண்டுக்கல் சந்தையில் மல்லிகையை முழம் போட்டு விற்றவர். லேசில் விட மாட்டார். மூணு எப்படி நாலு இடத்தில் வரும், ஒண்ணும் ரெண்டும் சேர்ந்தால் மூணு, மொட்டையும் மூணும் சேர்ந்தால் மூணு, அம்புட்டுத்தான், ரெண்டு இடம்தானே என்றார். இந்தக் கட்டையில் ஒண்ணும் அந்தக் கட்டையில் ரெண்டும் விழலாம், மாற்றியும் விழலாம், அது வேறு இது வேறு என்றேன். பார்க்க ஒன்றாகத்தானே இருக்கிறது, என் காதில் பூ சுற்றாதே என்றார்.

என் சேலை ஓரத்தில் இருந்து சிவப்பு நூல் ஒன்றை உருவி ஒரு கட்டையின் நடுவில் கட்டினேன். இப்போது உருட்டுங்கள் என்று அவர் கையில் கொடுத்தேன். உருட்டினார். நூல் கட்டையில் ஒண்ணு, மற்றதில் ரெண்டு. செத்த நேரம் கழித்து நூல் கட்டையில் ரெண்டு, மற்றதில் ஒண்ணு. ரெண்டு வடகத்தையும் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. உருட்டிக்கொண்டே இருந்தார். வெயில் சாய்கிற வரைக்கும் உருட்டினார். எனக்கும் எழுந்து போக மனம் வரவில்லை. ரெண்டு பேரும் குனிந்து கட்டையையே பார்த்துக்கொண்டிருந்ததில் வேட்டியின் அந்தப் பக்கம் காக்கை இறங்கி ஒரு வரிசை வடகத்தைக் காலி செய்துவிட்டது.

மாமியார் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "காக்கா தின்னதுக்கு நீதான் பதில் சொல்லணும்" என்றார். உள்ளே போய்விட்டார். அன்றைக்கு என் தட்டில் வெஞ்சனம் இருந்தது.

இனிமேல்தான் பெரிய சிக்கல். மாமாவிடம் யார் சொல்வது? மாமியார்தான் சொன்னார். மாமாவுக்குக் கணக்கு புரியாமல் இல்லை, சட்டென்று புரிந்துவிட்டது. அதுதான் அவருக்கு வலித்தது. ஊர் பார்க்க, முதல் மரியாதையில், கேட்டு வாங்கிய எண். அது பதினாறில் ஒண்ணு என்று இப்போது போய்ச் சொன்னால், மோசமானதைத் தேடிப் பிடித்து எடுத்த மடையன் என்று அவரே தன்னைச் சொல்லிக்கொள்வதாகும்.  ரெண்டு நாள் அவர் வயலுக்குப் போய்ச் செடியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

பிறகு எனக்குத் தோன்றியது, நாங்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்கியிருக்கிறோம் என்று. பன்னெண்டு அபூர்வமாக விழுவதால்தான் ஆட்டத்தில் அதற்கு மரியாதை. எப்போதாவது வருவது ஆட்டத்துக்கு அழகு. தண்ணீர் எப்போதாவது வந்தால் செடி பிழைக்குமா? ஆட்டத்தில் எதற்கு மதிப்போ அதையே வயிற்றுப்பாட்டுக்கும் கேட்டு வாங்கிவிட்டோம். ஒதுக்கித் தள்ளிய மூணுதான் ஊரிலேயே அதிகம் விழுந்தது.

ஆனிக் கடைசியில் ஒரு நாள் விடியலில் மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்று மேட்டுக்குக் கிளம்பினார். நானும் மாமியாரும் குடத்தோடு பின்னால் போனோம். ஏழு வீட்டாரும் இருந்தார்கள். பூசாரி கட்டையைக் கையில் எடுத்ததும் மாமா நிறுத்தச் சொன்னார். பன்னெண்டு சாமிக்கு உரிய எண், அதை ஒரு மனுசன் வைத்திருப்பது தப்பு என்று தனக்கு இப்போது படுகிறது, அதைச் சாமிக்கே விட்டுவிடுகிறேன், அது விழுகிற நாளில் ஊர் மாட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள், மற்றபடி பங்கை எப்படிப் பிரிப்பது என்று மறுபடி பேசுவோம் என்றார். எப்படித்தான் யோசித்தாரோ. அவர் தலை குனியவில்லை, பொய்யும் சொல்லவில்லை.

நாலாம் எண் ஜவுளிக்காரர் உடனே எழுந்தார். எட்டாவது படித்தவர், பேச்சு இனிப்பாக இருக்கும். கூட்டுவதால்தானே தொந்தரவு, பெருக்கிக்கொள்வோம் என்றார். மொட்டையை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம், அப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ஆறு, ஒன்பது, எண்ணிப் பாருங்கள் ஏழுதான் வரும் என்றார். எல்லோரும் விரல் விட்டு எண்ணினார்கள். ஆமாம், ஏழுதான். மறுபடியும் அதே பூரிப்பு. பெரிய எண் ஒன்பது, அது முதல் மரியாதை வீட்டுக்கு என்றார் அவர். "பூஜ்யத்தை யாரும் எடுக்க மாட்டீக. அதை நானே வச்சுக்கிறேன். ஊருக்காக ஒருத்தன் விட்டுக்குடுக்கணும்ல."

அவர் தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஒன்பது. மரியாதை போன வழியே திரும்பி வந்துவிட்டது. அவர் தலையாட்டப் போகிறார்.

எனக்குக் கண்ணுக்குள் அந்தப் பதினாறு வடகமும் தெரிந்தன. மொட்டை நிற்கிற படுக்கை வரிசை நாலும் பூஜ்யம். மொட்டை நிற்கிற நெடுக்கு வரிசை நாலும் பூஜ்யம். மூலையில் உள்ளது ரெண்டுக்கும் பொது. ஆக ஏழு. பதினாறில் ஏழு ஒருத்தருக்கே. ஒன்பதோ மூணும் மூணும் சேர்கிற ஒரே மூலை. மாமா பன்னெண்டை விட்டுவிட்டு மறுபடியும் பதினாறில் ஒண்ணைக் கேட்டு வாங்கப் போகிறார்.

மாமியாரின் கையைப் பிடித்துக் காதில் சொன்னேன். ஆண்கள் கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை, அவராவது பேசுவார் என்று நினைத்தேன். அவர் குடத்தைக் கீழே வைத்தார்.

"நீயே சொல்லு. தப்பா இருந்துச்சுன்னா ஆடிக்கெல்லாம் காத்திருக்க மாட்டேன். இன்னைக்கு மத்தியானம் நத்தம் பஸ்."

நானும் குடத்தை இறக்கி வைத்தேன். சொன்னேன்.

"மாமா, ஒன்பது வேணாம். பூஜ்யத்துல ஏழு விழுப்பு இருக்கு. ஒன்பதுல ஒண்ணுதான்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஜவுளிக்காரர் சிரித்தார். "புள்ளைக்கு வாய்ப்பாடு தெரியும்போல" என்றார். மாமா என் முகத்தைப் பார்த்தார், மாமியார் முகத்தைப் பார்த்தார். பிறகு பூசாரியிடம் உருட்டச் சொன்னார், பத்துத் தடவை, தண்ணீருக்கு இல்லை, சும்மா பார்க்க.

பூசாரி உருட்டினார். மொட்டையும் ரெண்டும். பூஜ்யம். அடுத்தது ஒண்ணும் மூணும். அடுத்தது மொட்டையும் மூணும், பூஜ்யம். பத்து முடிந்தபோது பூஜ்யம் அஞ்சு தடவை விழுந்திருந்தது. ஒன்பது வரவே இல்லை. ஆறாம் எண்காரர் துண்டை உதறினார். "ஊருக்காக விட்டுக்குடுக்குறேன்னு சொன்னியே அப்பு, இம்புட்டையும் எங்கய்யா வச்சிருப்ப?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஜவுளிக்காரரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அப்புறம் நான் சொன்ன பங்கீடு இது. கூட்டவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம். முகத்தைப் பார்த்துப் பங்கு வைப்போம். மொட்டையும் ஒண்ணும், மொட்டையும் ரெண்டும், மொட்டையும் மூணும், ஒண்ணும் ரெண்டும், ஒண்ணும் மூணும், ரெண்டும் மூணும். வேறு வேறு முகம் சேர்வது ஆறு வகை. ஒவ்வொன்றும் மாற்றி விழுவதால் ரெண்டு ரெண்டு. அது ஆறு வீட்டுக்கு. ஒரே முகம் சேர்கிற ஜோடி நாலு இருக்கிறது. அவை மாற்றி விழ வழியில்லை, ஒண்ணு ஒண்ணுதான். அதில் ஒண்ணு ஜோடியும் ரெண்டு ஜோடியும் சேர்த்து ஏழாவது வீட்டுக்கு. மொட்டை ஜோடியும் மூணு ஜோடியும் மாட்டுத் தொட்டிக்கு. எல்லோருக்கும் பதினாறில் ரெண்டு, மாட்டுக்கும் ரெண்டு. யார் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்றேன்.

யார் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்ற பிறகும் முதலில் மாமாவைத்தான் கேட்டார்கள். ஜோடி என்றார். மரியாதை அதிலும் கொஞ்சம் இருந்தது போல.

திரும்பி நடக்கும்போது மூணாம் எண்காரி என் பக்கத்தில் வந்தாள். அன்றைக்குத்தான் அவள் குரலை நான் முதல் தடவை கேட்டேன். கோபமாகப் பேசவில்லை.

"நீ சொன்னது சரிதான் தாயி. எல்லாருக்கும் சமம். ஆனா இந்த மூணு மாசந்தான் என் புள்ளைக ரெண்டு வேளை சாப்டுச்சு."

 அவள் பங்கு நாலில் இருந்து ரெண்டாகக் குறைந்தது என் வாயால்தான். அவள் யாரையும் ஏய்க்கவில்லை, யாரும் வேண்டாம் என்று தள்ளியதை எடுத்துக்கொண்டவள். சமமாகப் பிரிப்பதுதான் நியாயம் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் முக்கால் குறுக்கத்தை வைத்துக்கொண்டு ரெண்டு பிள்ளைகளை வளர்த்தவளுக்கும் அஞ்சு குறுக்கம் வைத்திருந்த எங்களுக்கும் ஒரே அளவு என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காத நாட்கள் உண்டு. பின்னால் எங்கள் முறையில் சில சால் தண்ணீரை அவள் வாய்க்காலில் திருப்பிவிட்டிருக்கிறேன். மாமியாருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார்.

ஆடி பிறந்தது. வழக்கப்படி என்னை நத்தத்துக்கு அனுப்பினார்கள். பஸ் ஏற்றிவிட வந்த என் வீட்டுக்காரர் ஆவணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பது என் கௌரவத்துக்கு இழுக்கு என்று இருந்தேன். ஆனால் ஆடி முழுக்க ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலை எட்டிப் பார்த்தேன். எங்கம்மா கேட்டால், புளியங்காய் விற்கிறவன் வந்தானா என்று பார்த்தேன் என்பேன். அந்த மாதத்தில் புளியங்காய் கிடையாது, அவளுக்கும் தெரியும்.

ஆவணி முதல் தேதி மதிய பஸ்ஸில் மாமியாரே வந்து இறங்கினார். கையில் ஓர் ஓலைக் கொட்டான் நிறையக் கத்திரிக்காய். செடியில் பாதிதான் பிழைத்தது, பிழைத்த பாதி காய்த்துவிட்டது என்றார். எங்கம்மாவிடம், உங்கள் மகளைக் கூட்டிப்போக வந்தேன், ஆண்களை அனுப்பினால் சரியாகப் பேச மாட்டார்கள் என்று நானே வந்துவிட்டேன் என்றார். தண்ணீர் குடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஆடி முழுக்க நம்ம ஜோடி நல்லா விழுந்துச்சுடி. உன் கால் நல்ல கால்தான்."

எனக்கு அது பிடிக்கவில்லை. முன்னால் விழாததற்கும் என் கால், இப்போது விழுவதற்கும் என் காலா? கால் இல்லை அத்தை, பதினாறில் ரெண்டு, அது கணக்கு என்றேன்.

அவர் வாயில் இருந்த வெற்றிலையை ஓரமாக ஒதுக்கினார். "நானும் எண்ணுனேன். முப்பத்தோரு நாளு. உன் கணக்குப்படி பார்த்தா நாலு தடவை விழுகணும். ஆறு தடவை விழுந்துச்சு. நாலு கணக்கு, சரி. மிச்ச ரெண்டு என்னது?"

 கணக்கில் என்னை யாரும் ஏய்த்ததில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அவர் ஏய்க்கவில்லை, கேட்டார். சில மாதம் கூட விழும், சில மாதம் குறைய விழும், வருசக் கணக்கில் பார்த்தால் சரியாகும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மாதம், எங்கள் செடி சாகக் கிடந்த அந்த மாதம் பார்த்து ஏன் ரெண்டு கூட விழுந்தது என்று கேட்டால் அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அடுத்த பஸ்ஸிலேயே அவரோடு கிளம்பிவிட்டேன்.

பேராண்டி, இங்கே வா. எனக்கு என் எழுத்தே கண்ணுக்குத் தெரிய மாட்டேன் என்கிறது. அந்த மிச்ச ரெண்டை விடாமல் எழுதியிருக்கிறேனா என்று பார்க்க வேண்டும். முதலில் இருந்து நிதானமாகப் படித்துக் காட்டு.